பட்டியலில் படித்த பெயர்

மாரிகுப்பம்
5 பிப்ரவரி 2024

வேந்தனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

உன் நம்பரை ஃபோனில் தடுத்து வைத்துவிட்டேன். உன் உதவி இயக்குநர் கிறிஸ்டோவின் நம்பரையும்தான். கடிதம் எழுதினால் படிப்பேன். நமக்கு இது புதிதில்லையே. மூன்று படமாக நீ எனக்கு ஸ்கிரிப்ட் என்று ஒன்று கொடுத்ததில்லை. ஷூட்டிங்குக்கு ஒரு மாதம் முன்னால் பத்துப் பக்கக் கடிதம் வரும். 'அக்கா, இந்தப் பொம்பளை காலையில் எழுந்ததும் முதலில் கதவைத்தான் பார்ப்பாள்' என்று ஆரம்பிப்பாய். நான் அந்தப் பொம்பளையாகவே இருந்து பதில் எழுதுவேன். வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, திரும்பும் ரயிலிலும் நின்றுகொண்டே எழுதிய பதில்கள். அதில் பாதி அப்படியே வசனமாக வந்தது. டைட்டிலில் வசனம் உன் பெயரில்தான் வந்தது, அதை நான் என்றைக்காவது கேட்டேனா?

ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். காட்சி இதுதான். தங்கச் சுரங்கத்தின் கீழ் லெவலில் பாறை வெடித்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். ஷாஃப்ட் கேட்டுக்கு வெளியே பெண்கள் காத்திருக்கிறார்கள். யார் யாருடைய டோக்கன் திரும்பி வரவில்லையோ அவர்கள் பெயரை டைம் ஆபீஸ்காரர் வாசிக்கிறார். என் புருஷன் பாபு பெயர் அதில் இல்லை. நான் மூச்சு விட வேண்டும். "அவ்ளோதான்க்கா, ஒரு மூச்சு" என்றாய். மூன்று டேக் மூச்சு விட்டேன். உனக்குப் பிடிக்கவில்லை. டீ கொடுத்தாய். கிறிஸ்டோவைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ப் பேசினாய்.

நாலாவது டேக்கில் கிறிஸ்டோ மைக்கில் வாசித்தான்: "முனியப்பன். டோக்கன் நம்பர் நாப்பத்தி நாலு பதினேழு."

என் அப்பா பெயர். என் அப்பா நம்பர். தொண்ணூற்று நாலில், எனக்கு ஒன்பது வயசில், அதே மாதிரி ஒரு கேட்டில் நின்றுகொண்டு நான் கேட்டது. அதுவும் என் அம்மா பின்வரிசையில் நிற்கும்போது! உனக்கு ஆள் போதவில்லை என்று நான்தான் அவளைக் கூட்டத்தில் நிற்கக் கூட்டி வந்தேன். பிரியாணி போடுவார்கள் வாம்மா என்று.

என் முகத்தில் என்ன வந்ததோ எனக்குத் தெரியாது. நீ கட் சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து "க்கா, கெடச்சிடுச்சி" என்றாய். அந்த வார்த்தைதான் இன்னும் காதில் நிற்கிறது.

அந்த ஷாட்டை எடுத்துவிடு. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

பாக்யலட்சுமி

*

பெங்களூரு
11 பிப்ரவரி 2024

அன்புள்ள பாக்யா அக்கா,

நான் அடிக்கவில்லை. அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும்.

தப்புதான். முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அம்மா அங்கே இருந்தது அந்த நிமிஷத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை. நூறு பேர் நடுவில் நான் உங்கள் ஒரு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அது.

பெயர் எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். யூனியனில் இருந்த ராஜப்பா தாத்தாவிடம் பழைய பட்டியலின் நகல் இருக்கிறது. படத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் அப்பா பெயரைப் பார்த்தேன். அன்றே இதை யோசித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது டேக் வரை அந்த நகல் என் பையில்தான் இருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அடுத்த ஞாயிறு வரை ஆட்களைக் கூட்ட முடியாது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அக்கா, ஷாட்டை எடுக்க முடியாது. நான் இதுவரை எடுத்ததிலேயே உண்மையான இருபத்திரண்டு நொடி அது. எடிட்டர் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஏப்ரலில் விழாவுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஷாட் இல்லாவிட்டால் இது ஓடிப்போன புருஷனைப் பற்றிய இன்னொரு படம், அவ்வளவுதான். விபத்தில் தப்பித்தவன் அடுத்த மாதமே பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறான் என்றால், தப்பித்த அன்றைக்கு அவள் பட்டது நமக்கு வலிக்க வேண்டாமா?

நான் ஏன் திரும்பத் திரும்ப அந்த ஆளையே படமெடுக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பா ரத்தினம் எனக்கு நாலு வயசில் சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போனவர். அம்மாவும் நானும் சுரங்கத்து லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு பேத்தமங்களாவில் மாமா வீட்டில் போய் ஒண்டினோம். இன்றைக்கும் யாராவது கேட்டால் "அவரு வெளியூர்ல வேல செய்றாரு" என்பாள் அம்மா. முப்பது வருஷமாக வெளியூர்! உங்களுக்கு அப்பா செத்துவிட்டார் என்று சொல்ல ஒரு பட்டியலாவது இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் இரண்டாம் வாரம் டப்பிங். வருவீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தம்பி,
வேந்தன்

*

மாரிகுப்பம்
17 பிப்ரவரி 2024

வேந்தன்,

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாய். முதல் வரியில் தப்பு என்கிறாய், நாலாம் பத்தியில் முடியாது என்கிறாய். கடைசியில் உன் அப்பா கதை. அந்தக் கதைக்கு நான் மூன்று படத்தில் அழுதுவிட்டேன், நாலாவது முறை கடிதத்திலும் அழ முடியாது.

என் அம்மா சாப்பிட்டுப் பன்னிரண்டு நாளாகிறது என்று எழுதினால் பொய். காப்பி குடிக்கிறாள், இரண்டு வாய் களி தின்கிறாள். ஆனால் பேசவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது ஊர் வாயெல்லாம் இழுத்து வைத்துச் சண்டை போடுகிறவள் என் அம்மா கோவிந்தம்மா. உனக்கே தெரியும், முதல் படத்தில் உன் கேமராமேனை "தள்ளி நில்லுயா, என் வாசலு" என்று விரட்டினாளே. இப்போது குடத்தை வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறாள், பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஷூட்டிங் முடிந்து வந்த அன்று போர்த்திக்கொண்டு படுத்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். இன்னும் முழுக்கத் திரும்பவில்லை.

கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தார்கள். "இன்னாம்மா பண்ணுது?" என்று டாக்டரம்மா தமிழிலேயே கேட்டார்கள். அம்மா அவர்களுடைய மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் டப்பிங்குக்கு வர மாட்டேன். ஷாட் போனால் வருகிறேன். என் குரல் இல்லாமல் அந்த ரயில் காட்சியையும் கிணற்றடிக் காட்சியையும் என்ன செய்வாய் என்று நீயே பார்த்துக்கொள். வேறு யாரையாவது பேச வைத்தாயானால், ஆண்டவன் சத்தியமாகச் சொல்கிறேன், விழா நடக்கிற இடத்துக்கே வந்து கத்துவேன். நான் கத்தினால் எப்படி இருக்கும் என்று உன்னைவிடத் தெரிந்தவன் யார்?

பாக்யலட்சுமி

*

பெங்களூரு
24 பிப்ரவரி 2024

அக்கா,

ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த ஷாட்டை எடுத்துவிட்டுப் படம் நிற்குமா என்று பார்க்க உட்கார்ந்தேன். இதை நம்புங்கள். எடுக்கத்தான் உட்கார்ந்தேன். எடுக்கும் முன்னால் எல்லா ஒலியையும் தனித்தனியாகக் கேட்பது வழக்கம். கூட்டத்தின் சத்தத்துக்காக பின்வரிசைக்குப் பக்கத்தில், டோக்கன் மாட்டும் பலகைக்குப் பின்னால் தனியாக ஒரு மைக் வைத்திருந்தோம். அதை அதுவரை நான் தனியாகக் கேட்டதே இல்லை.

கிறிஸ்டோ பெயரை வாசிக்கிறான். பிறகு உங்கள் அம்மாவின் குரல். மெதுவாகத்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கிறது.

"அய்யோ, அது அவுரு இல்ல. அது ரத்தினம். யசோதரா, அது உன் ஊட்டுக்காரன்டி."

அக்கா, யசோதரா என் அம்மா.

நாற்பது தடவை கேட்டிருப்பேன். கிறிஸ்டோவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். நான் எதுவும் சொல்லாமல் எழுதிக் கொடு என்றேன். அவனும் அதையேதான் எழுதிக் கொடுத்தான்.

எனக்குக் கை நடுங்குகிறது. ஷாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள்.

வேந்தன்

*

மாரிகுப்பம்
29 பிப்ரவரி 2024

வேந்தன்,

படித்தேன். நல்ல கடிதம். உன் கடிதங்களிலேயே இதுதான் சிறந்தது. மூன்று தாள் கிழித்தாயாம், கை நடுங்குகிறதாம்.

இரண்டாவது படத்தில் 'அக்கா, படம் நின்றுவிட்டது, தயாரிப்பாளர் கைவிரித்துவிட்டார்' என்று எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடிதத்திலும் உனக்குக் கை நடுங்கியது. அதைப் படித்துவிட்டு நான் வீங்கிய முகத்தோடு ரயிலில் உட்கார்ந்திருந்தபோது எதிர் சீட்டில் துண்டால் முகத்தை மூடி, பைக்குள் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ. பங்காருபேட்டையில் ரயில் நின்றதும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து காலில் விழுந்தாய். படம் நன்றாக வந்ததால் நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கே செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

புலி வருது, புலி வருது என்று இரண்டு தடவை கத்தியாகிவிட்டது. இப்போது நிஜமாகவே வந்திருக்கிறது என்கிறாய். எதற்காக நம்ப வேண்டும்? என் அம்மாவிடம் நான் இதைக் கேட்பேன், அவள் முகம் மாறும், என் முகம் மாறும், கிறிஸ்டோ எந்தச் சந்தில் நின்று எடுக்கிறானோ. செத்துப்போன என் அப்பா பெயர் போதவில்லை என்று ஓடிப்போன உன் அப்பா பெயரையும் சேர்த்துக்கொண்டாயா?

நிஜம் என்றால் கடிதத்தில் எழுதாதே. அந்தச் சத்தத்தை அனுப்பு. என் காதால் கேட்கிறேன்.

பாக்யலட்சுமி

*

மாரிகுப்பம்
4 மார்ச் 2024

வேந்தா,

சனிக்கிழமை கிறிஸ்டோ வந்து ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டு, தெருவில் போய் நின்றுகொண்டான். கையில் கேமரா இல்லை என்று பையைக் கவிழ்த்துக் காட்டினான் பாவம். கேட்டேன். என் அம்மாதான். அவள் குரல் எனக்குத் தெரியாதா?

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

நான் கேட்கக்கூட இல்லை. ஹெட்ஃபோனோடு நான் அப்படியே நின்றதைப் பார்த்ததும் அம்மா சுவர்ப் பக்கமிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "கேட்டுட்டியா?" என்றாள். இருபத்தேழு நாளில் முதல் சொல். அப்புறம் நிறுத்தவே இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"அன்னைக்கு உங்கப்பன் பேன்ட் சட்ட மாட்டிக்கினு கெளம்பனான். இன்னாயா, ஷிப்டுக்கு இப்டியா போவன்னு கேட்டேன். 'என் டோக்கன ரத்தினம் வாங்கினு போறான். எனக்கு வெளியில வேல கீது. எவனாச்சும் கேட்டா, கீழ எறங்கிட்டான்னு சொல்லு'ன்னான். இன்னா வேலன்னு எனக்குத் தெரியாதா? வேற ஒருத்தி. ரத்தினத்த அப்ப சஸ்பெண்டு பண்ணி வெச்சிருந்தாங்க, ஃபோர்மேனை எதிர்த்துப் பேசிட்டான்னு. யசோதராகூட சண்ட போட்டுக்கினு நாலு நாளா ஊட்டுக்கும் போகல, கேண்டீன் பக்கம் படுத்துக்கினு கெடந்தான். அன்னிக்கு நாள் கூலிய வாங்கி, புள்ளைக்கு எதனா வாங்கினு ஊட்டுக்குத் திரும்பிடறேன்னு உங்கப்பன்கிட்ட சொன்னானாம்."

உனக்கு விளக்க வேண்டியதில்லை, நீ இதையெல்லாம் ஆராய்ச்சி செய்தவன். ஷிப்டுக்கு முந்நூறு பேர் இறங்குகிற கேட்டில் முகத்தை யார் பார்ப்பார்கள்? பித்தளை டோக்கனைக் கொடுத்தால் நம்பரை எழுதிக்கொண்டு விளக்கைக் கொடுப்பார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் கீழே போய்விடும். அன்றைக்கு நாப்பத்தி நாலு பதினேழு என்று இறங்கியது உன் அப்பா.

"பேரு படிச்சாங்க. அவுரு இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பொம்பளைங்க புடிச்சிக்கினாங்க. மொதல்ல என்ன ஓடியாந்து கட்டிக்கினது யசோதரா. 'அழாதக்கா, நான் கீறன்'னா. அவ தோள்ல சாஞ்சிக்கினு நான் எப்டிடி சொல்லுவேன், செத்தது உன் புருஷன்னு? இப்ப சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு பாத்தேன். பெட்டிய மூடியே குடுத்தாங்க. மூடினது மூடினதாவே போயிடுச்சி."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என் அப்பா பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு அவளை ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார். டோக்கன் கொடுத்தது தெரிந்தால் கேஸ் ஆகும், ஒரு சாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நடுங்கியிருக்கிறார். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "செத்தவன் செத்தவனாவே இரு. இந்தப் பக்கம் வந்தன்னா நானே கொன்னுடுவேன்." சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள். ஓசூர் பக்கம் ஒரு கல்குவாரியில் காவலுக்கு இருந்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அவர் செத்தாராம். எனக்கு அப்போது இருபத்தேழு வயசு. கல்யாணமாகி, அதுவும் முறிந்து, இந்த வீட்டிலேயே அவர் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன். உயிரோடிருந்த ஆளுக்கு!

இரண்டு நாளாக எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வேலைக்குப் போகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் அம்மா ஒரு ஆளையே மறைத்திருக்கிறாள், முப்பது வருஷம். நீயும் நானும் நடிப்பைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருப்போம்? பொட்டில்லாமல், பூவில்லாமல், என் எதிரிலேயே தினமும் நடித்தவளுக்கு கட் சொல்ல ஆளே இல்லை. அவள்மேல் கோபம் வருகிறது. அடுத்த நிமிஷம் அவளுக்குக் களி கிண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்னை நினைத்தால்தான் தாங்கவில்லை. நான் உன் மூன்று படத்திலும் நடித்த பொம்பளை உன் அம்மா என்று நமக்குள் தெரியும். ஓடிப்போனவனின் பெண்டாட்டி. வேந்தா, அவர் ஓடிப்போகவில்லை. வீட்டுக்குத் திரும்ப வந்துகொண்டிருந்தார்.

ஷாட்டைப் பற்றி இனி நான் சொல்ல ஒன்றுமில்லை. அது என் அப்பா பெயரில் இருந்தாலும் உன் அப்பாவுடையது. நீ வைத்தாலும் சரி, எடுத்தாலும் சரி. டப்பிங்குக்கு வருகிறேன்.

ஆனால் உன் அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதாதே. நேரில் போ.

பாக்யா அக்கா

*

பேத்தமங்களா
24 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் நான் சரியாகத் தூங்கவில்லை. கிறிஸ்டோ பயந்துபோய் என் அறையிலேயே படுத்துக்கொண்டான்.

முதலில் ஷாட். எடுத்துவிட்டேன். நீங்கள் விட்டுக்கொடுத்த பிறகும் எடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, சரியாக வரவில்லை என்று சொன்னேன். விழாவுக்கு இந்த வருஷம் அனுப்பவில்லை. இரண்டு படமெடுத்து ஊரெல்லாம் காட்டி ஒரு மனுஷனைத் திட்டியிருக்கிறேன், மூன்றாவதை மேஜையில் வைத்திருக்கிறேன். இதில் புருஷன் ஓடிப்போகும் காட்சியை என் கையால் இனி வெட்டி ஒட்ட முடியாது. அது இல்லாமல் படத்தில் என்ன மிச்சம் என்றும் தெரியவில்லை. முதல் படத்தில் உங்களை ஒரு வசனம் பேச வைத்தேனே, "அவன் செத்திருந்தாகூட மரியாதையா இருந்திருக்கும்" என்று. அதற்குத் தியேட்டரில் கை தட்டினார்கள். நானும் பின்வரிசையில் நின்று கேட்டேன்.

நேற்று இங்கே வந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் ஒரு அசிங்கத்தைச் சொல்கிறேன். சொல்வதற்கு முன்னால், வெளிச்சம் அவள் முகத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தேன். எங்கே உட்கார்ந்து சொன்னால் அவள் கண் எனக்குத் தெரியும் என்று பார்த்தேன். பழகிப்போன புத்தி. பிறகு வெட்கப்பட்டு, அவளுக்குப் பக்கத்தில், முகம் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டு சொன்னேன். டோக்கன், சஸ்பெண்டு, நாள் கூலி, திரும்பி வருவதாகச் சொன்னது, எல்லாம். எதையும் ஒளிக்கவில்லை. நான் உங்களுக்குச் செய்ததையும் சொன்னேன்.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. நான் பேசி முடித்த பிறகும் ஏழெட்டுக் காய் உரித்தாள். அழுவாள், என்னை அடிப்பாள், உங்கள் அம்மாவைச் சபிப்பாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"முனியப்பன்னு பொதச்சாங்களே, அதா?"

"ஆமாம்மா."

"பொதச்சது உங்கப்பாவயா?"

"ஆமாம்மா."

கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"கோவிந்தம்மாக்கா அன்னிக்கு எங்கூட்டுக்கு வந்தா. பொணத்த ஊட்டுல வெச்சிக்கினு எந்தப் பொம்பளயாச்சும் தெருவுல நடந்து வருவாளா? வந்தா. 'எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல யசோதரா, உன் புள்ளயக் குடு, அவன் செய்யட்டும்'னா. அவ அண்ணன் மவனுங்க மூணு பேரு தடி தடியா நின்னுகினு கீறானுங்க. நாலு வயசுக் கொழந்த, அதுவும் எங்க வழக்கம் வேற. நான் வேணாங்கா, பயந்துக்குவான்னேன். என் கால்ல வுழுந்துட்டா. எல்லாரும் பாக்கறாங்க. துக்கத்துல புத்தி பேதலிச்சிடுச்சின்னு பேசிக்கினாங்க. நானும் அப்டித்தான் நெனச்சேன். சரின்னு குடுத்தேன்."

எனக்கு இது எதுவும் ஞாபகம் இல்லை அக்கா. ஒரு நிழல்கூட இல்லை. அடுத்த மாதமே லைனை விட்டு வந்துவிட்டதால் எனக்குச் சொல்லவும் ஆளில்லை. அம்மாவுக்கும் அது யாரோ ஒருவர் சாவு, அதில் சொல்ல என்ன இருக்கிறது?

"ராஜப்பாதான் உன்ன இடுப்புல வெச்சிக்கினாரு," என்றாள். பட்டியல் கொடுத்த அதே தாத்தா; நான் யார் பிள்ளை என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. "கொடம் அவரு கையில, அதுமேல உன் கை. குழிய மூணு சுத்து சுத்தி வந்தாங்கன்னு சொன்னாரு. மொதப் புடி மண்ணு நீதான் போட்டியாம். போட்டுட்டு, கையத் தொடச்சி வுடுன்னு அழுதியாம்."

நான் எழுந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. ஏரிக்கரை வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பெட்டிக்குள் இருப்பது யார் என்று தெரிந்தவர் உங்கள் அம்மா ஒருவர்தான். சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் ஊர் பைத்தியம் என்று சொன்னாலும் பரவாயில்லை என்று தெருவில் நடந்து வந்து, காலில் விழுந்து, செத்தவருடைய பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் அவர் குழியருகில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் திரும்பி வந்தபோது அம்மா உள்ளே போயிருந்தாள். முகம் கழுவி, நல்ல புடவையை எடுத்து மடிப்பு நீவிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. முப்பது வருஷத்தில் இப்போதுதான் அவளை அப்படிப் பார்க்கிறேன். நேரே பார்க்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்டா," என்றாள். "பக்கத்துல உக்காந்துட்டு வரலாம். அவளும் எவ்ளோ நாளு தனியா வெச்சிக்கினு இருப்பா."

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கிறிஸ்டோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை பத்து மணி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அக்கா. அவர்கள் தெரியாமல் எதுவும் நடக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
வேந்தன்